இறுகிய செம்மண்ணுக்கு எந்த டயர்?

ஆரோவில் காட்டுப் பாதைகளில் மலை சைக்கிள் ஓட்டத் தொடங்குகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தரைதான் சிமெண்ட் போல இறுகிக் கிடக்கிறதே, ரப்பர் கட்டை வைத்த டயர் எதற்கு?" பாதிதான் சரி. மாசி, பங்குனியில் அந்தச் செம்மண் இறுகித்தான் கிடக்கிறது. ஆனால் அதன்மேல் அரிசிக் குருணை அளவில் சரளை உருண்டுகொண்டிருக்கிறது. தரையைப் பார்த்துப் பின்சக்கர டயரை வாங்குங்கள், குருணையைப் பார்த்து முன்சக்கர டயரை வாங்குங்கள் என்பதே என் கட்சி.

உயரமான ரப்பர் கட்டை மென்மண்ணில் குத்தி இறங்கிப் பிடிக்கும். இறுகிய தரையில் அது இறங்க இடமில்லை. நின்ற இடத்திலேயே நெளியும். மிதிக்கிற பலம் அந்த நெளிவில் கரையும். கட்டையின் ஓரமும் சீக்கிரம் தேயும். ஆகவே நடுவில் தாழ்ந்த, நெருக்கமான கட்டைகள் வேண்டும். அதற்கு மேல் எல்லாம் டயரின் தோள்பட்டையை, அதாவது வளைவில் சாயும்போது தரையைத் தொடும் ஓரத்தைப் பற்றிய பேச்சுதான்.

நான்கு டயர்களை எடுத்துக்கொள்வோம். கான்டினென்டல் ரேஸ் கிங் நான்கிலும் வேகமானது. கட்டைகள் மிகச் சிறியவை, நேர்ப்பாதையில் தார்ச்சாலை டயர் போல வழுக்கிக்கொண்டு ஓடும். தோளிலும் கட்டை சிறியதுதான் என்பதால், குருணை கிடக்கும் வளைவில் முன்சக்கரத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஜெர்மனியின் கோர்பாக் ஆலையில் 'பிளாக் சில்லி' ரப்பரில் செய்யப்படும் 'புரொடெக்ஷன்' வகை வேறு, விலை குறைந்த 'ஷீல்டுவால்' வகை வேறு. இரண்டிலும் ரேஸ் கிங் என்றே அச்சிட்டிருக்கும், ரப்பர் ஒன்றல்ல.

விட்டோரியா மெஸ்கால் எடையில் சற்றுக் கூடுதல். நடுக்கட்டைகள் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு ஒரே வரிசையாக ஓடுவதால் இறுகிய தரையில் நெளிவு குறைவு, தேய்மானமும் மெதுவாகவே இருக்கும். பின்சக்கரத்துக்கென்றே பிறந்த டயர்.

முன்சக்கரத்துக்கு உண்மையான போட்டி மேக்சிஸின் இரண்டு டயர்களுக்கு இடையேதான். ஐகானில் சிறு கட்டைகள் நடுவிலிருந்து தோள் வரை சீராகப் பரவியிருக்கின்றன. சைக்கிளைச் சாய்க்கச் சாய்க்கப் பிடி மெல்ல மெல்லக் குறைகிறது. எங்கே நழுவப் போகிறது என்பது கைப்பிடியிலேயே தெரிந்துவிடும். ஆர்டென்ட் அப்படியல்ல. தோள்கட்டைகள் பெரியவை, ஆனால் நடுக்கட்டைக்கும் அவற்றுக்கும் இடையே வெற்றிடம் இருக்கிறது. முழுதாகச் சாய்த்தால் தோள் வந்து கவ்விக்கொள்ளும். தயங்கி அரைகுறையாகச் சாய்த்தால் அந்த வெற்றிடத்தில் நிற்பீர்கள், சக்கரம் ஒரு கணம் நழுவும். துணிந்து ஓட்டுகிறவருக்கு ஆர்டென்ட். மற்றவர்களுக்கு, என்னையும் சேர்த்து, 2.35 அங்குல அகல ஐகான். என் சைக்கிளில் இப்போது முன்னால் ஐகான், பின்னால் 2.25 மெஸ்கால். பின்சக்கரம் வழுக்கினால் சமாளித்துவிடலாம், முன்சக்கரம் வழுக்கினால் கீழேதான்.

அதை ஒரு முந்திரித் தோப்பு வளைவில் கற்றேன். தேய்ந்த பழைய டயரில் 40 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றைக் கல்லாக ஏற்றியிருந்தேன். முன்சக்கரம் குருணைமேல் ஏறிய நொடியில் தரை நழுவியது. அன்று இரவு முழங்கையில் புதைந்திருந்த செம்மண் மணிகளை விளக்கடியில் உட்கார்ந்து ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். தவறு காற்றில், அதாவது என்னிடம். 70 கிலோ எடையுள்ளவர், உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் டயரில் முன்னால் 20, பின்னால் 23 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்கலாம். டியூப் இருந்தால் 28-க்குக் கீழே இறங்காதீர்கள். வேரில் மோதும்போது ரிம் நசுக்கி, டியூபில் அருகருகே இரண்டு ஓட்டை விழும்.

ஆனால் இங்கே டியூபை நம்பவே வேண்டாம். நெருஞ்சியும் வேலிகாத்தான் முள்ளும் நிறைந்த மண் இது. டியூப்லெஸ் டயரில் முள்ளைப் பிடுங்கியதும் ஓட்டையைக் கீழ்ப்பக்கம் திருப்பிப் பிடியுங்கள். உள்ளே ஊற்றிவைத்த சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்கும் திரவம், வெள்ளை நுரையாகக் குமிழியிடும், சீறும், நான்கைந்து நொடியில் அடங்கிவிடும். கோடையில் அது இரண்டு மாதத்தில் காய்ந்துவிடும் என்பதால் தேதி குறித்துவைத்து மீண்டும் ஊற்றுங்கள்.

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. தாழ்ந்த கட்டைகளுக்கு நடுவே செம்மண் அப்பி, நான்கு டயரும் வழவழவென்று ஒன்றாகிவிடும். அந்த வாரங்களில் நான் தார்ச்சாலையில்தான் ஓட்டுகிறேன். ஈரப் பாதையில் பதியும் சக்கரத் தடம் காய்ந்து, மாசி வரை பள்ளமாகவே நின்றுவிடுகிறது.