லோக்கல் பிளாக் கிட் 11,000 கி.மீ., ஒரிஜினல் 34,000 கி.மீ.: என் ஸ்பிளெண்டர் கணக்கு

என்னுடையது 2008 ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் பிளஸ், பழைய 97.2 சிசி. லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் வரை எஞ்சினைப் பிரித்ததே இல்லை. 2019இல் சைலன்சரில் நீலப் புகை, ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் ஆயில் காலி. சரி, எஞ்சின் வேலை வந்துவிட்டது என்று புரிந்தது.

சிலிண்டர் பிளாக், பிஸ்டன், ரிங் சேர்ந்த செட்தான் பிளாக் கிட். அதற்கு மெக்கானிக் தம்பி இரண்டு வழி சொன்னார். "கம்பெனி பிளாக் கிட் 2,300 ஆகும்ணே, வர நாலு நாள். லோக்கல் 1,100, இப்பவே கையில இருக்கு." திங்கட்கிழமை வேலைக்குப் போக வண்டி வேண்டும், லோக்கலையே போடச் சொன்னேன். கையோடு டைமிங் செயினும் (எஞ்சினுக்குள் வால்வுகளை இயக்குகிற செயின்) அதே ரகம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, கேட்டு வாங்கியது நான்தான்.

முதல் 3,000 கிலோமீட்டர் வரை ராஜா மாதிரி ஓடியது. (போட்ட பத்தாம் நாளே "சூப்பர்" என்று எழுதுகிறவர்களை இப்போதெல்லாம் நான் நம்புவதில்லை.) 6,000 வாக்கில் காலையில் ஸ்டார்ட் செய்தால் டைமிங் செயின் கரகரவென்றது, அப்புறம் 50க்கு மேல் போனால் ஃபுட்ரெஸ்டில் ஓர் அதிர்வு, 11,000இல் அதே நீலப் புகை.

ரீபோர் செய்யலாமே, அதாவது தேய்ந்த சிலிண்டர் துளையைக் கொஞ்சம் பெரிதாகக் கடையலாமே என்று பிளாக்கை லேத்துக்குக் கொண்டுபோனோம். லேத்காரர் அந்தத் துளையை (போர்) அளக்கிற போர் கேஜை விட்டுப் பார்த்துவிட்டு, மேல் ரிங் திரும்புகிற இடத்தில் 0.12 மி.மீ. தேய்ந்திருக்கிறது என்றார். வீட்டில் கிடந்த பழைய கம்பெனி பிளாக்கையும் எடுத்துப்போய்க் காட்டினேன். ஏறக்குறைய அதே தேய்மானம், ஆனால் அது லட்சம் கிலோமீட்டரில் வந்தது! லோக்கல் பிளாக்கின் ஸ்லீவ் (பிஸ்டன் ஓடுகிற உள்குழாய்) இரும்பு மெத்து என்பது அவர் கருத்து.

பிஸ்டனிலும் கீழ்ப்பக்கம் நெடுக்காகக் கீறல்கள். பார்க்க உருண்டையாகத் தெரிந்தாலும் நல்ல பிஸ்டன் முழு உருண்டை கிடையாது. பிஸ்டன் பின் (pin) நுழைகிற பக்கம் துளி ஒடுங்கி, தலைப்பக்கம் இன்னும் கொஞ்சம் சிறுத்திருக்கும். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைவிட மிக அதிகமாக விரியும், அதற்காக விட்ட இடம் அது. அந்தக் கடைசல் பிசகினால், குளிரில் தட்டும் இல்லையென்றால் சூட்டில் பிடிக்கும். சும்மா இருக்காமல் பழைய பிஸ்டனையும் இதையும் நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், லோக்கல் 6 கிராம் கூடுதல். 6,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு நூறு தடவை ஏறி இறங்குகிற சாமான் அது, அந்த அதிர்வு இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது தடவை நாலு நாள் காத்திருந்து ஒரிஜினல் போட்டேன். கிட்டில் மிச்சம் பிடித்தது 1,200. மறுபடி பிரித்த கூலி, கேஸ்கட், ஆயில், புது டைமிங் செயின் எல்லாம் சேர்த்து, கிட் விலை போக 2,600 போனது.

வெளிச்சந்தை என்றாலே மோசம் என்றும் சொல்ல மாட்டேன். கம்பெனிக்கே சப்ளை செய்கிறவர்கள் சொந்தப் பெட்டியில் விற்பதும் உண்டு, கம்பெனிப் பெயரையே ஒட்டிய போலியும் உண்டு. அதனால் இந்த முறை ரிங்கைத் தனியாகப் போருக்குள் இறக்கி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) வைத்து ரிங் முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி பார்த்த பிறகே மாட்டச் சொன்னேன். தம்பி முறைத்தார், ஆனால் செய்தார்.

ஒரிஜினல் போட்டு இப்போது 34,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது, புகை இல்லை, ஆயில் மாற்றுவதற்கு நடுவே ஊற்றவும் தேவைப்படவில்லை. பிரேக் ஷூ, கேபிள் எல்லாம் இன்னமும் லோக்கல்தான்.