படபடப்புக்கு ஹோல்ட்டரும் எக்கோவும்: திருநெல்வேலி இதய மையம் ஒன்றில் எங்கள் அனுபவம்

ஆறு மாதங்களாக அம்மாவுக்கு அவ்வப்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு, சிறிது நேரத்தில் தானாகவே அடங்கிவிடும். முதலில் சென்ற மருத்துவமனையில் இரண்டு முறை இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, வாய்வுத் தொல்லைதான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வழக்கமான இ.சி.ஜி. பதிவு சுமார் 10 வினாடிகள்தான். வந்து வந்து போகும் கோளாறு அதற்குள் அகப்படுவது அரிது.

அடுத்து நாங்கள் நாடிய திருநெல்வேலி மையத்தில், முதல் நாளே இதயத் துடிப்பை 24 மணி நேரமும் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்ட்டர் கருவியைப் பொருத்தினார்கள். பெண் ஊழியர் ஒருவர் அம்மாவின் மார்பில் ஒட்டுவில்லைகளைப் பதித்து, கருவியை இடுப்பில் மாட்டி, படபடப்பு வரும் நேரத்தையும் அப்போது செய்த வேலையையும் குறித்து வைக்க ஒரு தாள் கொடுத்தார். ‘மதியம் 3.40, துணி மடிக்கும்போது’ என்று அம்மா எழுதியிருந்தார். அதே நேரத்தில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் ஒழுங்கற்ற துடிப்பு தொடங்கி, முக்கால் மணி நேரம் நீடித்ததை அறிக்கை காட்டியது.

அத்துடன் மருந்து எழுதிக் கொடுத்துவிடாமல், ஒலி அலைகளால் இதயத்தைத் திரையில் காட்டும் எக்கோ பரிசோதனை பார்த்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொன்னதற்காகவே இந்த மையத்தைப் பரிந்துரைக்கிறேன். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே 4 முதல் 6 சதுர செ.மீ. வரை திறக்க வேண்டிய மைட்ரல் வால்வு 1.4 அளவுக்கே திறப்பதையும், அதனால் இடது மேலறை பெருத்திருப்பதையும் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். “சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல்ல படுத்தீங்களாம்மா?” என்று அவர் கேட்ட பிறகுதான், பத்து வயதில் பல வாரங்கள் பள்ளிக்குப் போகாமல் கிடந்தது அம்மாவுக்கு நினைவு வந்தது.

இந்தக் கோளாறில் மேலறையில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும் என்பதால், உறையாமல் காக்கும் மருந்து அவசியம். ரிவராக்சபான் போன்ற புதிய மாத்திரைகள் பலருக்குப் போதுமானவை என்றாலும், அம்மாவைப் போல, சின்ன வயதில் மூட்டு வீக்கத்தோடு வரும் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களுக்குப் பழைய வார்ஃபரினே மேல் என்று 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு காட்டியிருக்கிறது. எக்கோ எடுக்காமல் இருந்திருந்தால் அம்மாவுக்கு எந்த மாத்திரை வந்திருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. இப்போது வார்ஃபரின் எடுத்துக்கொண்டு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம்.

குறைகளும் உண்டு. கருவியைக் கழற்றும்வரை குளிக்கக் கூடாது என்பதை மாட்டிய பிறகுதான் சொன்னார்கள். எக்கோவுக்கு வேறொரு நாள் கொடுத்ததால் வயதானவரை இன்னொரு முறை அழைத்து வர வேண்டியிருந்தது.

வால்வை பலூன் வைத்து விரிக்கலாம் என்கிறார்கள். அதற்கு முன் உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுத்து, மேலறை மூலையில் உறைகட்டி இல்லை என்று உறுதிசெய்ய வேண்டுமாம். அந்தப் பரிசோதனையையும் அடுத்த மாதம் இங்கேயே செய்துகொள்ள முடிவு செய்திருக்கிறோம்.