தம் கட்டி ஓடுகிறவனுக்கு நிக்கோட்டின் கம்: எட்டு மாதம் மென்று பார்த்தது

சிகரெட்டை விடுவதற்காக மெல்கிற 2 மில்லிகிராம் நிக்கோட்டின் கம், புதினா சுவை. மெடிக்கலில் கேட்டால் டாக்டர் சீட்டு இல்லாமலே கொடுப்பார்கள். எட்டு மாதமாக மெல்கிறேன். சிகரெட்டை இன்னும் முழுதாக விடவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். "ஒரே மாதத்தில் விட்டேன்" என்று படிக்க வந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கம்பெனிப் பெயரும் கேட்காதீர்கள். மூன்று கம்பெனி வாங்கிப் பார்த்தேன், மருந்து மூன்றிலும் ஒன்றுதான், ஒன்றில் மட்டும் அட்டையைப் பிரிக்கக் கத்தரிக்கோல் தேவைப்பட்டது.

எனக்கு வயது 44. கோவை கணபதியில் பம்ப் உதிரிபாகம் கடைசல் போடுகிற சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். தம் பழக்கம் 22 வருடம், கம்முக்கு முன்னால் நாளைக்கு 12 வரை போகும். ஓட்டம் வந்தது ஆறு வருடத்துக்கு முன்னால். சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் பயமுறுத்த, ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் நடக்கப் போனேன். ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர். நடை ஓட்டமானது, ஒரு சுற்று நாலானது, ஞாயிற்றுக்கிழமைகளில் வடவள்ளி தாண்டி மருதமலை அடிவாரம் வரை போக ஆரம்பித்தேன். சர்க்கரை இறங்கியது. சிகரெட் இறங்கவில்லை.

இரண்டும் ஒரே உடம்பில் எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். முடியும் என்பதுதான் சங்கடமே. சீனாவில் சென் என்று ஒருவர், 2022-ல் சிகரெட்டை ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றவைத்துக்கொண்டே முழு மாரத்தானை மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தார். எங்கள் ஓட்டக் குழுவில் அந்தப் படம் எனக்கு மட்டும் பதினோரு பேரால் அனுப்பப்பட்டது. 2024-ல் வேறொரு ஓட்டத்தில் புகைத்ததற்காக அவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள், அதை யாரும் அனுப்பவில்லை. நான் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் கோவை மாரத்தானில் நான்கு முறை 21 கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன். 2013 முதல் நடக்கிறது, புற்றுநோய் அறக்கட்டளைக்கு நிதி திரட்டுகிற ஓட்டம். அந்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு பக்கத்து பேக்கரியில் நின்று புகைக்கக் கூச்சமாக இருந்ததால், நான்கு முறையும் சட்டையைக் கழற்றி உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி மாட்டிக்கொண்டுதான் பற்றவைத்தேன்.

நான்காவது முறை 17-வது கிலோமீட்டரில் கால் நன்றாக இருந்தது, மூச்சுதான் வரவில்லை. சுவர் ஓரம் குனிந்து நின்று இருமினேன். பட்டறையில் வேலை செய்கிற பையன் என்னைத் தாண்டிப் போனான். போகிற போக்கில், "தம் கட்டுங்கண்ணா" என்றான். பாவம், ஊக்கப்படுத்தத்தான் சொன்னான்.

அப்புறம்தான் சிகரெட் பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் 1800-11-2356 என்ற, புகையை விட உதவுகிற எண்ணுக்கு அடித்தேன். வருடக்கணக்காகக் கண்ணில் பட்ட எண். தமிழிலேயே பேசினார்கள். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை" என்பதாக இருக்கும் என்று நினைத்தேன். "காலையில எழுந்து எத்தனை நிமிஷத்துல முதல் சிகரெட் பிடிப்பீங்க?" என்று கேட்டார். பத்து நிமிடம் என்றேன். அரை மணிக்குள் பிடிக்கிறவர்களுக்கு 4 மில்லிகிராம்தான் பொருந்தும், அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும் என்றார். எனக்கு டாக்டரிடம் போகச் சோம்பல். இரண்டிலேயே ஆரம்பித்தேன்.

சரி, பொருளுக்கு வருவோம். இதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றால் காசும் போச்சு, வயிறும் போச்சு. மெதுவாகப் பத்துப் பதினைந்து தடவை மெல்ல வேண்டும். மிளகு கடித்த மாதிரி நாக்கில் சுருக்கென்று வரும். உடனே நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிட வேண்டும். சுருக்கு அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி. நிக்கோட்டின் ஏறுவது வாய்த்தோல் வழியாக. எச்சிலோடு விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். முதல் வாரம் எனக்கு இரண்டுமே வந்தன, கூடவே தாடை வலி. நான் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருப்பதைப் பார்த்த லேத் பையன், "ஏனுங்ணா, ஹான்ஸ் புகையிலை போட ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றான். அட்டையைக் காட்டியும் அவன் நம்பவில்லை.

இன்னொன்றை எந்த மெடிக்கலிலும் எனக்குச் சொல்லவில்லை. டீ, காபி, ஜூஸ் எது குடித்தாலும் வாயில் புளிப்பு ஏறி, நிக்கோட்டின் உள்ளே போகாது. குடித்துக் கால் மணி நேரமாவது பொறுக்க வேண்டும். கோயம்புத்தூர்க்காரனிடம் இதைச் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை தெரியுமா? எங்கள் ஊரில் டீக்கடை என்பதே பேக்கரிதான். ஒரு கையில் டீ, இன்னொரு கையில் தம், தட்டில் தேங்காய் பன். 22 வருடமாக இந்த மூன்றும் சேர்ந்தே வந்தவை. கம் வாயில் இருந்தால் டீ கிடையாது, டீ குடித்தால் கம் வேலை செய்யாது. நான் தோற்பது இன்றைக்கும் பேக்கரியில்தான்.

வேகத்திலும் ஏமாற்றம் உண்டு. சிகரெட் இழுத்த இருபது வினாடிக்குள் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது. கம்முக்கு அரை மணி ஆகிறது. ஆகவே ஆசை வந்தபின் மென்றால் ஆசைதான் ஜெயிக்கும். வருகிற நேரம் தெரிந்து முன்னாடியே வாயில் போட வேண்டும்.

இதெல்லாம் குறை. இருந்தும் ஏன் எட்டு மாதம் வாங்கினேன் என்றால், இரவுக்காக.

ஓடுகிறவனைச் சிகரெட்டில் முதலில் கவிழ்ப்பது நிக்கோட்டின் அல்ல, கார்பன் மோனாக்சைடு. ரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது உட்கார்ந்துகொள்ளும். சும்மா இருந்தால் பாதி வெளியேறவே நாலிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். முன்பெல்லாம் என் கடைசி சிகரெட் இரவு பத்தரைக்கு. நாலரைக்கு எழுந்தால் பாதி உள்ளேயே இருக்கும். எழுந்ததும் இன்னொன்று, ஏன் என்று புகைக்கிறவர்களுக்குத் தெரியும், வயிறு இளக வேண்டும். அதோடு ரேஸ்கோர்ஸுக்குப் போய், "ஏன் இன்னைக்கு மூச்சு வாங்குது, பனியா இருக்கும்" என்று மார்கழி மேல் பழி போட்டிருக்கிறேன்.

அதனால் இப்படி வைத்துக்கொண்டேன். ராத்திரி ஏழு மணியோடு சிகரெட் முடிந்தது. அதன்பின் படுக்கும்வரை இரண்டு கம். காலையில் எதுவும் கிடையாது, ஒரு சொம்பு வெந்நீர். (வயிற்று விஷயத்தில் கம் உதவவில்லை. வெந்நீரும் பொறுமையும்தான்.) ஓடி முடித்த பிறகுதான் அன்றைய முதல் தம். இப்போது நாளைக்கு நாலைந்து பிடிக்கிறேன்.

ஒரே வேகத்தில், கிலோமீட்டருக்கு ஏழு நிமிடத்தில், என் கைக்கடிகாரம் முன்பு நாடித்துடிப்பை 158 என்று காட்டும், இப்போது 150 பக்கம். அரை மாரத்தான் தூரம் 2 மணி 26 நிமிடத்திலிருந்து 2:17-க்கு வந்தது. நடுவில் மூன்று கிலோ எடையும் குறைந்தது, அதனால் முழுப் பெருமையையும் கம்முக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் காலைச் சளி நின்றது கம் ஆரம்பித்த மூன்றாவது வாரம். அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு முட்டாள்தனமும் செய்தேன். நிக்கோட்டின் கொஞ்சம் சுறுசுறுப்பு தருமே என்று ஒரு ஞாயிறு ஓடும்போதே ஒன்றை வாயில் போட்டேன். மூச்சு வாங்குகிறவனால் மென்று ஒதுக்க முடியுமா? எச்சில் எல்லாம் உள்ளே போய், 14-வது கிலோமீட்டரில் விக்கல் பிடித்தது. வடவள்ளி பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ஆத்தா, "ஏஞ்சாமி, யாரோ நெனைக்கறாங்க" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நாடித்துடிப்பும் வழக்கத்தைவிட மேலே ஏறியிருந்தது. ஓட்டத்தில் கம் வேண்டவே வேண்டாம், மூச்சுக்குழாயில் போய் அடைத்தால் விளையாட்டில்லை. "இது ஊக்கமருந்து ஆகாதா?" என்று குழுவில் ஒருத்தர் கேட்டார். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2012-லிருந்து நிக்கோட்டினைக் கண்காணிப்புப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது, தடை செய்யவில்லை. 2:17-ல் ஓடுகிற என்னை அவர்கள் தேடி வரப்போவதும் இல்லை.

விலை: என் கணக்கில் ஒரு கம் ஒரு சிகரெட்டில் பாதி விலை. சில்லறையாக ஒவ்வொன்றாகச் சிகரெட் வாங்கிப் பழகியவனுக்கு மொத்தமாக ஒரு அட்டை வாங்கும்போது மட்டும் கொஞ்சம் உறுத்தும்.

சுவை: புதினா பரவாயில்லை. பான் சுவை வாங்காதீர்கள், கல்யாணப் பந்தி முடிந்த மாதிரி இருக்கிறது, உடனே அடுத்து ஒரு தம் கேட்கும்.

இதயக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். நானும் தாமதமாகத்தான் போனேன். டிரெட்மில்லில் ஓடவிட்டு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார். "இதயம் ஓகே. ஆனா பன்னிரண்டு சிகரெட் நாலாச்சுன்னா ஆபத்தும் மூணுல ஒரு பங்காயிடும்னு கணக்குப் போடாதீங்க, இதயத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது" என்றார். அந்தக் கணக்கைத்தான் நான் எட்டு மாதமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். மிச்சத்தையும் விட 4 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். முறைப்படி பன்னிரண்டு வாரம், படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும் என்றார்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். டீயோடு ஒத்துப்போனால் நாலு கொடுத்திருப்பேன். சீட்டு பர்ஸில் இருக்கிறது, மூன்று வாரம் ஆகிறது. வாங்கினால் இதன் கீழேயே எழுதுகிறேன்.