குழந்தை முகமூடி ஸ்பேசர்: ராமநாதபுரம் கடற்கரை வீடுகளுக்கு ஒத்துவருமா?

சீமைக்கருவேல விறகடுப்பும் ஊரோரத்துக் கரிமூட்டமும் புகையும் இந்தப் பக்கத்தில், வீசிங் வரும் பிள்ளைக்கு நெபுலைசர் (மருந்தை ஆவிபோல் ஆக்கித் தரும் கரண்ட் கருவி) வாங்குவதா, ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் முகத்துக்கும் நடுவே பொருத்தும் குழாய்) வாங்குவதா என்ற கேள்வி ஓயாது. மருத்துவர் இன்ஹேலர் எழுதியிருந்தால், வால்வும் சிலிக்கோன் முகமூடியும் உள்ள ஸ்பேசரே போதும். கரண்ட் தேவையில்லை, விலையும் குறைவு. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 'ஜினா' என்ற உலக ஆஸ்துமா அமைப்பின் வழிகாட்டுதலும் இதைத்தான் முதலில் சொல்கிறது. "பம்ப் (இன்ஹேலர்) போட்டால் பழகிவிடும்" என்று பயமுறுத்துவோரின் பேச்சுக்கு ஆதாரம் கிடையாது.

கடையில் முதலில் முகமூடியைப் பாருங்கள். மூக்கையும் வாயையும் மூட வேண்டும். கண்ணில் இடிக்கவோ தாடைக்குக் கீழே இறங்கவோ கூடாது. ஓரத்தில் சின்ன இடைவெளி இருந்தாலும் மருந்து வெளியே போய்விடும். குழாய் ஒளி ஊடுருவுவதாக இருந்தால், பிள்ளை மூச்சு விடும்போது வால்வு அசைவது தெரியும். அசையவில்லை என்றால் முகமூடி சரியாக ஒட்டவில்லை, அல்லது வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்ஹேலரைக் குலுக்கி, ஒரே ஒரு அழுத்து, பிறகு ஐந்தாறு மூச்சு. அடுத்த அழுத்துக்கு அரை நிமிடம் விட்டு, திரும்பவும் குலுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் துளிகள் குழாய்க்குள்ளேயே மோதிப் படிந்துவிடும். வீறிட்டு அழும் பிள்ளைக்கு நுரையீரலுக்குப் போகும் மருந்து மிகக் குறைவு. மடியில் சாய்த்து, வெறும் முகமூடியை வைத்துப் பழக்குவது நல்லது. ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் முடித்ததும் முகத்தைத் துடைத்து, தண்ணீர் குடிக்கக் கொடுக்க வேண்டும்.

கழுவுவதில்தான் இங்கே சிக்கல். சாதாரண பிளாஸ்டிக் குழாயில் நிலைமின்னேற்றம் இருப்பதால் மருந்து சுவரில் ஒட்டும். பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, துடைக்காமல் காற்றில் உலர்த்தினால் அது குறையும். துணியால் தேய்த்தால் மின்னேற்றம் திரும்பிவிடும். கடலோர போர்வெல் தண்ணீர் கூடாது: உப்பு வால்வின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்து அசைவைக் கெடுக்கும். குடத்துக் குடிநீரே எடுங்கள். முகமூடியின் முகத்தில் படும் பக்கத்தை மட்டும் நல்ல தண்ணீரில் அலசினால் சோப்பு அரிக்காது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் உலர ஒரு நாளாகலாம். நனைந்தபடி பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

குறை என்றால், முகமூடி தனியாகக் கிடைப்பது சிரமம். புகைக்கும் இது மாற்று அல்ல. மூட்டம் போடும் நாளில் காற்று வரும் பக்கத்து ஜன்னலை அடைக்க வேண்டியதுதான். விலா உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பால் குடிக்க முடியாமல் திணறினாலோ 108-ஐ அழைத்துவிடுங்கள். வண்டி வரும்வரை மருத்துவர் சொன்ன அளவில் மருந்தைக் கொடுக்கலாம்.

நான்கு வயதுக்கு மேல், வாயால் மூச்சிழுக்கத் தெரிந்த பிள்ளைக்கு முகமூடியைக் கழற்றிவிட்டு இதே குழாயை வாயில் வைத்தே பயன்படுத்தலாம்.