கிபிரா, மிக்-27ஆ? வன்னிக்கு மேலே பறந்த இரண்டு விமானங்கள்

2000 ஏப்ரல் 22ஆம் தேதி இலங்கை இராணுவத்தின் ஆனையிறவு முகாம் விடுதலைப் புலிகளிடம் விழுந்தது. அடுத்த சில கிழமைகளிலேயே கொழும்பு ஆயுதச் சந்தையில் அவசரமாக இறங்கியது. அறுந்திருந்த இஸ்ரேல் உறவு மே மாதமே புதுப்பிக்கப்பட்டு, ஏற்கெனவே கையில் இருந்த இஸ்ரேலியக் கிபிர் போர் விமானங்களோடு மேலும் கிபிர்கள் கேட்கப்பட்டன. அதே நேரத்தில் உக்ரைனில் சோவியத் காலத்து மிக்-27 மலிவாக நின்றது. இரண்டில் எது நல்லது என்று யோசித்து ஒன்றை எடுக்க நேரமில்லை. இலங்கை விமானப்படை இரண்டையும் வாங்கியது. அப்புறம் 2009 வரைக்கும் இரண்டும் கொழும்புக்கு வடக்கே உள்ள ஒரே கட்டுநாயக்கத் தளத்தில் இருந்து கிளம்பி, வடக்கில் ஒரே வன்னியில் குண்டு போட்டன. ஒரே தளம், ஒரே இலக்கு நிலம், ஒரே காலம். இரண்டு போர் விமானங்களை ஒப்பிட இவ்வளவு நேரான களம் உலகத்தில் அதிகம் கிடைக்காது. விமானப் பிரியர்கள் எழுதும் ஒப்பீடுகள் வேகம், எடை, ஆயுதம் என்பதோடு முடிந்துவிடுகின்றன. கீழே இருந்த நிலத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

முன்கதை சுருக்கமாக. 1951 மார்ச் 2ஆம் தேதி ரோயல் சிலோன் விமானப்படை என்று தொடங்கியபோது இருந்தது சிப்மங்க் பயிற்சி விமானம். 1959இல் ஜெட் புரொவோஸ்ட் வந்தது. 1971இல் தெற்கின் இடதுசாரி ஜேவிபி கட்சியின் கிளர்ச்சியின்போது சோவியத் ஒன்றியம் மிக்-17 கொடுத்தது. 1985 முதல் இத்தாலியச் சியாமாசெட்டி. வடக்கில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே போதும். பிறகு அவ்ரோ, வை-12 போக்குவரத்து விமானங்களில் இருந்து தள்ளிவிட்ட பீப்பாய்க் குண்டுகள், 1991இல் சீனாவின் எஃப்-7, அடுத்து ஆர்ஜன்டீனாவின் புக்காரா. 1995 ஏப்ரல் 28, 29 இரண்டு நாளும் யாழ்ப்பாணத்தில் பலாலிக்கருகில் இரண்டு அவ்ரோக்கள் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டன. ஜூலையில் ஒரு புக்காராவும் விழுந்தது. மெதுவாக, தாழப் பறக்கும் விமானத்துக்கு இனி இங்கே வேலை இல்லை என்பது அதோடு தெளிவாகிவிட்டது. கிபிர் வந்ததற்குக் காரணம் இதுதான்.

1996 ஜனவரியில் முதல் கிபிர்கள் வந்திறங்கின. இதன் பிறப்பே ஒரு தடையால் நேர்ந்தது. 1967 போரை ஒட்டிப் பிரான்ஸ் மிராஜ் விமானங்களைக் கொடுக்க மறுக்க, இஸ்ரேல் அந்த உடலமைப்பை எடுத்து, அமெரிக்க ஃபான்டம் விமானத்தில் இருந்த ஜே-79 எஞ்சினைப் பொருத்தி, 1973இல் தன் சொந்த விமானத்தைப் பறக்கவிட்டது. முக்கோண இறக்கை, மூக்குப் பக்கம் இரண்டு சிறு இறக்கைகள், ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகம், 5 தொன்னுக்கு மேல் சுமை. உயரத்தில் வேகமாகப் போவதற்கு அருமையான வடிவம். தரையிறங்கும்போது மட்டும் வேகம் அதிகம், நீண்ட ஓடுபாதை வேண்டும். கட்டுநாயக்கவில் அது கிடைத்தது.

மிக்-27 வேறு மண்ணின் பிள்ளை. ஐரோப்பியச் சமவெளியில் நேட்டோ டாங்கிகளைத் தாழப் பறந்து அடிப்பதற்காகவே மிக்-23 சண்டை விமானத்தை மாற்றிச் செய்தது. மூக்கில் ரேடார் இல்லை. விமானி கீழே நன்றாகப் பார்க்கட்டும் என்று சரித்து வெட்டிய மூக்கு, அதற்குள் தூரம் அளக்கும் லேசர். விமானி அறைக்குப் பக்கவாட்டில் கவசத் தகடு. இறக்கையை 16, 45, 72 பாகைகளில் முன்னும் பின்னும் நகர்த்தலாம்: எழும்பும்போது விரிக்கலாம், வேகமெடுக்கும்போது மடக்கலாம். வயிற்றடியில் ஆறு குழல் 30 மில்லிமீற்றர் பீரங்கி. அது சுடும் அதிர்ச்சியில் சொந்த விமானத்தின் தரையிறங்கும் விளக்குகளே உடைந்த கதைகள் சோவியத் விமானிகளிடம் உண்டு. சுமை 4 தொன்.

காகிதத்தில் பார்த்தால் தரைத்தாக்குதலுக்கு மிக்-27தான் மேல். குண்டைக் குறிவைக்கவே பிறந்த விமானம் அது. கிபிரோ மிராஜ் வழி வந்த சண்டை விமானம். குண்டு சுமப்பது அதற்கு இரண்டாவது வேலை. ஆனால் வன்னியில் இந்த மேன்மை பெரிதாக உதவவில்லை. புலிகளிடம் தோளில் வைத்து ஏவும் ஏவுகணை இருந்தது. தாழப் பறந்தால் ஆபத்து. உயரத்தில் நின்று குண்டைவிட்டு மேலே இழுத்துக்கொண்டு போனால் கவசத் தகட்டுக்கும் ஆறு குழல் பீரங்கிக்கும் பெரிய பயன் இல்லை. தூரக் கணக்கும் அப்படியே. கட்டுநாயக்கவில் இருந்து கிளிநொச்சி நேர்கோட்டில் கிட்டத்தட்ட 250 கிலோமீற்றர்தான். மணிக்கு 900 கிலோமீற்றரில் வந்தால் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. எரிபொருள் யாரிடம் அதிகம் என்ற கேள்விக்கே இடமில்லாத தூரம். பாலைவனத்துக்குச் செய்ததும் பனிச் சமவெளிக்குச் செய்ததும் வன்னிக் காட்டின்மேல் வந்து ஒரே மாதிரி ஆகிவிட்டன.

கீழே நின்றவர்களும் அவற்றைப் பிரித்துப் பார்க்கவில்லை. வந்தது மிக்காக இருந்தாலும் சனத்தின் வாயில் அது கிபிர்தான். "கிபிர் வருது, பங்கருக்குள்ள ஓடு" என்று தாய்மார் கத்தியபோது வால் எப்படி இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? வீட்டுக்கு ஒரு பங்கர், பாடசாலை வளவுக்குள் வரிசையாகப் பங்கர்கள். ஆள் குந்தியிருக்கும் ஆழத்துக்கு வெட்டி, மேலே பனங்குத்தி அடுக்கி, அதன்மேல் மண்மூட்டை. நேராக வெட்டமாட்டார்கள், 'ட' எழுத்துப் போல ஒரு முறிவு வைப்பார்கள். வாசலில் குண்டு விழுந்தால் சிதறல் நேரே உள்ளே வராமல் அந்த முறிவில் மண்ணில் புதையும். மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், பாம்பும் இருக்கும். அதற்குள்தான் குழந்தைகளோடு இறங்க வேண்டும். 250 கிலோ குண்டு நேரே விழுந்தால் பனங்குத்தி ஒன்றும் செய்யாது. பக்கத்தில் விழும் குண்டின் சிதறலுக்கு மட்டுமே அது காப்பு. 1999 செப்டம்பர் 15ஆம் தேதி மந்துவில் சந்தையில் ஓடி ஒளிய அதுகூட இல்லாமல் இருபதுக்கு மேற்பட்ட சனம் செத்தது.

இந்த ஒப்பீட்டில் உண்மையான வித்தியாசத்தை உண்டாக்கியது, என் பார்வையில், இரண்டு ஜெட்டுகளில் எதுவும் இல்லை. சனம் 'வண்டு' என்று சொன்ன ஆளில்லா வேவு விமானம்தான். இஸ்ரேலியத் தயாரிப்பான சேர்ச்சர் போன்றவை வவுனியாத் தளத்தில் இருந்து பறந்தன. மேலே இரைந்துகொண்டே மணிக்கணக்காகச் சுற்றும். வண்டு ஓர் இடத்தை விட்டு விலகாமல் சுற்றினால் அங்கே அடி விழப்போகிறது என்று சிறுவர்களுக்கும் தெரியும். வழிகாட்டி இல்லாத சாதாரணக் குண்டைச் சுமக்கும் விமானம், எங்கே போடுவது என்று யாரோ சொல்வதைத்தான் போடுகிறது. சொன்ன கண் அந்த வண்டு. 2007 நவம்பர் 2ஆம் தேதி அதிகாலை கிளிநொச்சியில் புலிகளின் அரசியல்துறைப் பொறுப்பாளர் தமிழ்ச்செல்வன் இருந்த இடத்தையே தேடி அடித்ததும் தகவலின் பலத்தால்தான். எந்த ஜெட் என்பது அங்கே சின்னக் கேள்வி.

அப்படியானால் 2006 ஆகஸ்ட் 14ஆம் தேதி வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் நடந்ததை எப்படி எடுத்துக்கொள்வது? ஐம்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் பாடசாலை மாணவிகள். அது புலிகளின் பயிற்சி முகாம் என்றது அரசு. இடத்தைப் போய்ப் பார்த்த போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவும் யுனிசெப்பும் இராணுவ நிலை எதையும் காணவில்லை. வானத்தில் அவ்வளவு கண் வைத்திருந்த படைக்கு, மேலே இருந்து தெரியவில்லை என்று சொல்லும் வசதி கிடையாது என்றே நான் நினைக்கிறேன். விமானப்படையின் வரலாற்றை எழுதும் எவரும் இந்தத் தேதியைத் தாண்டிப் போகக்கூடாது.

சரி, பராமரிப்புக்கும் பணத்துக்கும் வருவோம். இங்கே கிபிர் தெளிவாக முன்னுக்கு நிற்கிறது. மிக் வந்த சில மாதங்களிலேயே, 2000 ஆகஸ்டில், ஒன்று கட்டுநாயக்கவுக்கு அருகே விழுந்து உக்ரைனிய விமானி இறந்தார். 2001 ஜூலை 24 புலிகளின் கட்டுநாயக்கத் தாக்குதலில் கிபிரும் மிக்கும் உட்படப் படை விமானங்கள் எட்டு தரையிலேயே எரிந்தன. 2006இல் மேலும் நான்கு மிக்-27 வாங்கிய ஒப்பந்தம் பெரிய விவகாரமானது. முன்பு வாங்கியவற்றைவிடப் பழைய விமானங்களுக்கு முன்பைவிடக் கூடிய விலை கொடுக்கப்பட்டது என்பதுதான் குற்றச்சாட்டின் மையம். அதை வெளியிட்ட சண்டே லீடர் பத்திரிகையின் ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க 2009 ஜனவரி 8ஆம் தேதி கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்கு இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. கிபிரும் விபத்துக்கு விலக்கல்ல: 2011 மார்ச் 1ஆம் தேதி ஆண்டுவிழா ஒத்திகையில் இரண்டு மோதி ஒரு விமானி இறந்தார். ஆனால் அதைச் செய்த நிறுவனம் இன்னும் அதன் பின்னால் நிற்கிறது. உதிரிப்பாகமும் மேம்பாடும் கிடைக்கின்றன. மிக்-27ஐ அதிகம் வைத்திருந்த இந்தியாவே 2019 டிசம்பரில் அதற்கு விடைகொடுத்துவிட்டது. இலங்கையிலும் அது ஓய்ந்துவிட்டது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2007 மார்ச் 26ஆம் தேதி புலிகளின் சிறிய ஸ்லின்-143 கட்டுநாயக்கவுக்கு மேலேயே வந்து குண்டு போட்டபோது கிபிரும் மிக்கும் கைகட்டி நின்றன. இரவில் தாழப் பறக்கும் ஒற்றை எஞ்சின் சிறு விமானத்தைப் பிடிப்பது குண்டுவீச்சு விமானத்தால் ஆகாத காரியம். அதற்காகத்தான் 2008 ஜனவரியில் ரேடாரும் ஏவுகணையும் உள்ள எஃப்-7ஜி சீனாவில் இருந்து வந்தது.

என் தீர்ப்பைக் கேட்டால்: வடிவமைப்பில் மிக்-27, வாங்கி வைத்திருக்க கிபிர். விமானப்படையும் அப்படித்தான் முடிவெடுத்தது. 2021இல் கிபிர்களைப் புதுப்பிக்கச் சுமார் 5 கோடி டொலருக்கு இஸ்ரேல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் எழுதியது. அடுத்த வருடம் நாட்டில் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் டொலர் இல்லாமல் போனது. மீதமிருக்கும் கிபிர்களின் காலம் முடிந்ததும் பதிலுக்கு எந்தச் சண்டை விமானம் என்ற பேச்சு மறுபடி வரும். வன்னியில் இருந்து பார்த்தால் அந்தப் பணத்தில் முதலில் மி-17, பெல்-412 போன்ற ஹெலிகளும் வை-12 போன்ற சிறு போக்குவரத்து விமானங்களும் வாங்குவதுதான் சரி. மாரியில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தால் கீழே உள்ள ஊர்களுக்குத் தேவைப்படுவதும், முல்லைத்தீவுக் கடலில் படகு திரும்பாவிட்டால் தேடிப் போக வேண்டியதும் அவைதான். இறங்குவதற்கான தளமும் இரணைமடுவிலேயே இருக்கிறது.