ஜவான்களுக்குப் பார்சல்: ரசீதைப் பார்க்காமல் பணம் போடாதீர்கள்

“எல்லையில் நிற்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு முந்திரிக்கொத்து, நேந்திரங்காய் சிப்ஸ், மட்டி வாழைப்பழம், தேன். பெட்டிக்கு 1,500 ரூபாய், எடை 5 கிலோ.” இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தியை நம்பி நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பலர் ஜிபே செய்தார்கள். அடுக்கிவைத்த அட்டைப்பெட்டிகளின் படம் வந்தது, ரசீது வரவில்லை. விடாமல் கேட்டபிறகு ஒரு ரசீதின் படம் வந்தது. கேட்ட நான்கு பேருக்கும் அதே ரசீது, அதே எண். எடை 1,840 கிராம். சேருமிடத்தின் பின்கோடு 629-இல் தொடங்குகிறது. அது குமரி மாவட்டத்துப் பின்கோடு. அதாவது பார்சல் நம் மாவட்டத்தை விட்டே போகவில்லை!

வசூலித்தவர் சொன்ன சமாதானம்: “ராணுவத் தபால், டிராக்கிங் காட்டாது.” இதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். பணியிலிருக்கும் ராணுவ வீரருக்கான பார்சல் அவர் நிற்கும் ஊரின் பெயரில் போகாது. படை எண், பதவி, பெயர், யூனிட், அதன்பின் ‘56 ஏபிஓ’ அல்லது ‘99 ஏபிஓ’ (ஏபிஓ என்றால் ராணுவ அஞ்சலகம்), 9-இல் தொடங்கும் 6 இலக்கப் பின்கோடு: முகவரி அவ்வளவுதான். யூனிட் எங்கே இருக்கிறது என்பது வெளியே தெரியாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு. 56 ஏபிஓ தபால்கள் டெல்லியிலுள்ள ராணுவ அஞ்சல் மையத்துக்கும், 99 ஏபிஓ தபால்கள் கொல்கத்தா மையத்துக்கும் போய்ச் சேரும். அதற்கு மேல் ராணுவ அஞ்சல் பிரிவின் பொறுப்பு. டிராக்கிங் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். ஆனால் நாகர்கோவிலில் புக் ஆனது முதல் அந்த மையம் வரை எல்லாம் தெரியும். டிராக்கிங்கில் அந்த முதல் வரியே இல்லையென்றால் பார்சலே இல்லை.

தனியார் கூரியர் ஏபிஓ முகவரிக்கு எடுக்காது. இந்திய அஞ்சல் துறை ஒன்றுதான் வழி. ஆகவே ‘ராணுவ கூரியர் கட்டணம்’, ‘கேம்ப் நுழைவுக் கட்டணம்’ என்று யார் கேட்டாலும் அது கதை. ‘சியாச்சின் கேம்ப்’ என்று முகவரி எழுதிக் காட்டினால் அதுவும் கதைதான். பெயரில்லாமல் ‘எல்லை வீரருக்கு’ என்று எழுதி அனுப்பவும் முடியாது. முகவரியை அந்த வீரரோ அவர் வீட்டாரோ தான் தரவேண்டும்.

ரசீதில் நான்கு விஷயம் பாருங்கள். 13 இடம் கொண்ட எண் (முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவே 9 இலக்கம், கடைசியில் ஐஎன்). சேருமிடத்தின் பின்கோடு. பெறுநர் பெயர். கிராமில் எடை. ஒரு பெட்டிக்கு ஓர் எண். 40 பெட்டி என்றால் 40 எண். பெட்டிப் படம் எதற்கும் ஆதாரம் ஆகாது.

சாமான் பட்டியலே ஆளைக் காட்டிக்கொடுக்கும். இந்த வேலையைச் செய்து பழகியவர் மட்டிப்பழம் அனுப்புவதாகச் சொல்லவே மாட்டார். டெல்லி தாண்டுமுன் அழுகி, கூட இருக்கும் பலகாரத்தையும் கெடுத்துவிடும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், வழியில் வெயில் பட்டால் உருகிக் கசியும். தேனைக் கண்ணாடி பாட்டிலில் வைத்தால் உடைந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கொப்பரை தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்பதால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். தீப்பெட்டி, லைட்டர், ஸ்பிரே, பவர்பேங்க் எதுவும் கூடாது.

தேங்காய் சேர்த்த முந்திரிக்கொத்து சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். தேங்காயைச் சிவக்க வறுத்து, பாகை முறுக விட்டுச் செய்தால் தாங்கும். சிப்ஸ் ஆறும்முன் கட்டினால் நமத்துப்போகும், நாளானால் எண்ணெய் காறும். அதனால் பொரித்த அன்றே ஆறவைத்து, அரைக் கிலோ பாக்கெட்டாகச் சீல் வைத்து, மறுநாளே புக் செய்யவேண்டும். முந்திரிப்பருப்பு, கருப்பட்டி, கிராம்பு, சுக்குக் காப்பிப்பொடி இவற்றுக்குப் பயமில்லை. கருப்பட்டி மட்டும் ஈரம் இழுக்கும், தனி உறையில் போடுங்கள். பெட்டிக்குள் காலியிடம் இருந்தால் செய்தித்தாளைக் கசக்கி அடையுங்கள். வெளியே துணி தைத்து, அழியாத மையில் முகவரி எழுதி, அதே முகவரியை ஒரு சீட்டில் உள்ளேயும் வையுங்கள். மேலுறை கிழிந்தாலும் ஆளைப் போய்ச் சேரும். காஷ்மீரிலிருந்து லடாக் போகும் வழியிலுள்ள சோஜிலா கணவாய் பனியில் மூடும் காலத்தில் அந்தப் பக்கம் போகிற பார்சல் தாமதமாகும். அப்போது பலகாரத்தை விட்டுக் கம்பளிக் காலுறை அனுப்பலாம்.

பார்சலே வேண்டாம், பணமாகக் கொடுக்கலாம் என்பவர்களுக்கு டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள் நிதி இருக்கிறது. நாகர்கோவிலிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். பணியில் உயிர்நீத்த மத்திய ஆயுதக் காவல் படையினரின் குடும்பங்களுக்கு ‘பாரத் கே வீர்’ இணையதளம். இரண்டிலும் தனிநபர் ஜிபே எண்ணுக்கு வேலையில்லை.

பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பரிவர்த்தனை எண், யுபிஐ ஐடி, வாட்ஸ்அப் உரையாடல், அந்த ஒற்றை ரசீதின் படம் எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். ‘திருப்பித் தருகிறேன், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க’ என்று பிறகு ஒரு செய்தி வரும். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், யுபிஐ பின்நம்பரும் வேண்டாம்.

இன்னொன்று: வசூலுக்காக வாட்ஸ்அப் குழுவில் போட்ட பெயர்ப் பட்டியலில் பிள்ளைகளின் படை எண், யூனிட், போன் நம்பர் எல்லாம் இருக்கிறது. பணம் திரும்புகிறதோ இல்லையோ, அதை முதலில் அட்மினிடம் சொல்லி நீக்கவையுங்கள்.