சலுகையா, ரொக்கமா, மின்கம்பியா: வியட்நாம் முன்னால் இருக்கும் மூன்று வழிகள்

வெளிநாட்டுக் கம்பெனி வரவேண்டுமா, வரியைக் குறை. வளரும் நாடுகள் பலகாலம் நம்பிய வழி இது. வியட்நாமில் பொதுவான நிறுவன வரி 20 சதவீதம். பெரிய உயர்தொழில்நுட்ப ஆலை என்றால் 15 வருடத்துக்கு 10 சதவீதம்தான்; அதிலும் 4 வருடம் வரியே கிடையாது, அடுத்த 9 வருடம் பாதி வரி. சாம்சங் தன் கைப்பேசிகளில் ஏறத்தாழ பாதியை அங்கே, பாக் நின், தாய் நுயென் மாகாணங்களில் செய்வதற்கு இந்தச் சலுகையும் ஒரு காரணம்.

2021 அக்டோபரில் 136 நாடுகள் ஏற்ற 15 சதவீதக் குறைந்தபட்ச வரி இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. ஆண்டு வருவாய் 75 கோடி யூரோவைத் தொடும் பன்னாட்டுக் குழுமங்களுக்கானது இது. எங்காவது 15-க்குக் கீழே வரி கட்டினால், குறைகிற பங்கைத் தாய்க் கம்பெனியின் நாடு வாங்கிக்கொள்ளலாம்.

முதல் வழி, சலுகையை அப்படியே விட்டுவிடுவது. ஒரு ஆலையின் லாபம் 100 ரூபாய், கட்டிய வரி 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சம்பளச் செலவு 50, கட்டடமும் இயந்திரமும் 200. இந்த இரண்டிலும் 5 சதவீதத்தை, அதாவது 12.50 ரூபாயை, லாபத்தில் கழித்துவிடலாம் (ஆரம்ப வருடங்களில் கழிவு இன்னும் கூடுதல்). மீதி 87.50 மேல், 15-க்குக் குறைகிற 10 சதவீதம் போட்டால் 8.75 ரூபாய். ஹனோய், அதாவது வியட்நாம் அரசு, வேண்டாமென்று விட்ட இந்தப் பணம் கம்பெனியின் பையில் தங்காது. 2024 ஜனவரியிலேயே இந்த விதியைக் கொண்டுவந்த, சாம்சங்கின் தாய்நாடான தென்கொரியாவின் கஜானாவுக்குப் போய்விடும். ஏழை நாடு பணக்கார நாட்டுக்கு மொய் எழுதுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

சரி, ஒப்பந்தத்தில் சேராமலே இருந்தால்? அதுவும் காப்பாற்றாது. 2021-இல் விலகி நின்ற கென்யாவே 2025 முதல், 15-க்குக் குறைகிற பங்கைக் கூடுதல் வரியாகத் தன் நாட்டுக்குள்ளேயே விதிக்கிறது.

இரண்டாவது வழி, அந்தப் பங்கை வியட்நாமே வசூலித்து வேறு கையால் திருப்பிக் கொடுப்பது. வியட்நாம் நாடாளுமன்றம் 2023 நவம்பர் 29 அன்று கூடுதல் வரிக்குத் தீர்மானம் போட்டது. 122 குழுமங்களிடமிருந்து வருடத்துக்குச் சுமார் 14.6 லட்சம் கோடி டாங் (வியட்நாம் நாணயம்) வரும் என்பது அப்போதைய மதிப்பீடு. அப்புறம் 2024 டிசம்பர் 31 அன்று முதலீட்டு ஆதரவு நிதிக்கு ஆணை வந்தது: ஆட்களுக்குப் பயிற்சி, ஆராய்ச்சி, இயந்திரம் போன்ற செலவுகளில் ஒரு பங்கை அரசு ரொக்கமாகத் தரும். பழைய சலுகையைவிட இது மேல். வரிச்சலுகை லாபத்தைப் பார்த்துக் கொடுப்பது. இதில் செலவு செய்தால்தான் பணம். ஆனாலும் பயன் போய்ச் சேருவது பெரிய கம்பெனிகளுக்குத்தான். அவற்றுக்குத் திருகாணியும் அட்டைப்பெட்டியும் செய்து தரும் உள்ளூர்ப் பட்டறைக்கு எதுவும் இல்லை.

மூன்றாவது வழிதான் என் தேர்வு: வசூலித்த பணத்தை எல்லாருக்கும் பயன்படும் மின்பாதை போன்ற பொது வசதிகளில் போடுவது. 2023 ஜூன் வெயிலில் வடக்கு வியட்நாமில் கரண்ட் போய், பாக் நின், பாக் ஜியாங் தொழிற்பேட்டைகள் முடங்கின. அதற்குப் பிறகு குவாங் ட்ராச்சிலிருந்து ஃபோ நோய் வரை 519 கிலோமீட்டருக்கு 500 கிலோவோல்ட் மின்பாதை போட்டு, 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். செலவு சுமார் 22.3 லட்சம் கோடி டாங். எதிர்பார்த்த கூடுதல் வரியில் ஒன்றரை வருடப் பணம்தான் அது! அந்தக் கம்பியில் வரும் மின்சாரம் சாம்சங்குக்கும் போகும், திருகாணிப் பட்டறைக்கும் போகும்.

ஒரே ஒரு சிக்கல், அமெரிக்கா. 2025 ஜூனில் ஜி7 நாடுகள், அமெரிக்கத் தாய்க் கம்பெனிகளை மற்ற நாடுகள் வசூலிக்கும் பங்கிலிருந்து விலக்க ஒத்துக்கொண்டன. ஆனால் ஆலை இருக்கும் நாடே விதிக்கும் கூடுதல் வரிக்கு அந்த விலக்கு இல்லை. ஆக, ஹோ சி மின் நகரில் ஆலை வைத்திருக்கும் இன்டெல் போன்ற கம்பெனிகள், ‘நீங்கள் விட்டுக்கொடுத்தால் எங்களுக்கு நிஜமாகவே மிச்சம்’ என்று இனி கேட்கலாம். அங்கே ஹனோய் இறங்கிப்போனால், நாளைக்குக் கொரியக் கம்பெனியும் அதே கதவைத் தட்டும்.